லேசர் கண்ணாடிக்கு எண் வந்த கதை

1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். ரூபிப் படிகத்திலிருந்து 694 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு ஒளி பாய்ந்தது. அடுத்த ஆண்டே ‘சயின்ஸ்’ இதழில் மில்டன் சாரெட் குழுவின் கட்டுரை வந்துவிட்டது. லேசர் பட்ட முயல்களின் விழித்திரை வெந்துபோயிருந்தது. விழிக்குள் குவியும்போது ஒளியின் செறிவு சுமார் லட்சம் மடங்கு ஏறுகிறது. கற்றை தொடங்கிய வேலையைக் கண்ணே முடித்துக்கொடுக்கிறது.

ரூபியோடு நின்றிருந்தால் பிரச்சினை எளிது. சிவப்பை விழுங்க நீலப்பச்சைக் கண்ணாடி இருந்தது. 1964இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த என்டி-யாக் லேசர்தான் கணக்கைக் குலைத்தது. அதன் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரைவரை தடையின்றிப் போகும். கண்ணாடி அதைத் தடுக்குமா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

1968இல் அமெரிக்காவில், தொலைபேசி நிறுவனங்களின் ஆதரவில், லேசர் பாதுகாப்புக்கான தரநிலைப் பணி தொடங்கியது. 1973இல் ஆன்சி இசட் 136.1 என்ற தரநிலை வெளிவந்தது. அதன் அளவுகோல் ஒளியடர்த்தி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். எந்த அலைநீளத்துக்கு எத்தனை என்பது கண்ணாடியிலேயே குறிக்கப்பட்டது.

எண் வந்தால் மட்டும் போதுமா? 1977இல் ‘லேசர் ஃபோகஸ்’ இதழில் ஓர் ஆய்வாளர் தமக்கு நேர்ந்ததை எழுதினார். எங்கோ பட்டுத் தெறித்த என்டி-யாக் துடிப்பு ஒன்று கண்ணில் விழுந்தது. விழிக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம், பிறகு பார்வையில் இரத்தம் மிதந்தது. கண்ணாடி அணிந்தால் பக்கவாட்டில் தெரியாது, ஆவி படியும், அதனால் அணியவில்லை. ஆய்வகத்தில் வேலை செய்த யாருக்கும் இந்தக் காரணம் புதிதல்ல.

ஐரோப்பியர் வேறு கேள்வி கேட்டார்கள்: நேரடிக் கற்றை பட்டால் கண்ணாடி எவ்வளவு நேரம் தாங்கும்? 1990களில் வந்த ஈஎன் 207 என்ற ஐரோப்பியத் தரநிலை பத்து நொடி அல்லது நூறு துடிப்புகளைத் தாங்கச் சொன்னது. பின்னாளில் அது ஐந்து நொடியானது. பிளாஸ்டிக் உருகி ஓட்டை விழும் என்றால் ஒளியடர்த்தி எத்தனை இருந்தென்ன? நடைமுறைக்கு இந்தக் கேள்வியே நெருக்கமானது.

கண்ணாடியைக் கழற்ற இன்னொரு காரணமும் உண்டு. கற்றையை முழுதாக மறைத்துவிட்டால் அதை நேராக்கிச் சீரமைப்பது எப்படி? அதற்காகவே ஈஎன் 208 வந்தது. தொடர்ச்சியான லேசரை ஒரு மில்லிவாட்டுக்குள் அடக்கி, ஒளிப்புள்ளி மட்டும் தெரியும்படி விடுகிறது. ஆனால் அது 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்கே செல்லும். 1064 அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.