நாலு கேம்ஷாஃப்ட், ஒரு பழைய ஆசை

1968-ல் ஃபோர்டு மஸ்டாங்குக்கு வந்த 302 கன அங்குல வி8 எஞ்சினில் ஒரே கேம்ஷாஃப்ட். வால்வு எப்போ, எவ்வளவு திறக்கணும் என்பது அதன் மேடுகளின் வடிவத்திலேயே இருக்கு. சாஃப்ட்வேர் பாஷையில் ஹார்டுகோடு. உச்ச வேகத்துக்காக மேட்டைப் பெரிதாக்கினால், உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். ஐடிலில் எஞ்சின் குலுங்கும். அந்தத் தடதடப்பே மஸில் காரின் அடையாளமாச்சு.

2011 மஸ்டாங் ஜிடியின் 5.0 லிட்டர் கயோட்டி எஞ்சினில் நாலு கேம்ஷாஃப்ட். கம்ப்யூட்டர் சொன்னபடி ஃபேஸர்கள் அவற்றை முன்னும் பின்னும் திருப்பும். ஐடிலில் அமைதி, உச்சத்தில் 412 குதிரைத்திறன், இரண்டும் சாத்தியம்.

இதிலும் பெரிய கேம் மாட்டுறாங்க. வால்வு பிஸ்டனில் இடிக்காமல் இருக்க, பல சமயம் ஃபேஸரின் வீச்சைக் கட்டுப்படுத்தணும். உச்சத்தில் கூடுதல் பவர், பழைய தடதடப்பு எல்லாம் கிடைக்கும். பதிலுக்கு, சாஃப்ட்வேர் கைக்கு வந்த ஒரு பகுதி மறுபடியும் ஹார்டுகோடு ஆகுது.