‘எந்த ஷேர் வாங்கலாம் சார்?’ - அனுபவசாலி முதலீட்டாளரிடம் உண்மையில் என்ன கேட்கணும்?

டீமேட் கணக்கு தொடங்கியாச்சு. மார்க்கெட்டில் 20 வருஷம் பழக்கமுள்ள ஒருவரைச் சந்திக்க நேரமும் கிடைச்சாச்சு. பலரும் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஷேர் வாங்கலாம் சார்?” கிடைத்த நேரத்தை வீணாக்க இதைவிட சுலபமான வழி இல்லை. அவர் ஒரு பெயரைச் சொல்லிடலாம். அதை எப்போ விற்கணும்னு சொல்ல, அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

பஃபெட் என்ன செய்தார்?

1951 ஜனவரி. வாரன் பஃபெட்டுக்கு வயது 20. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தனக்குப் பாடம் எடுத்த பெஞ்சமின் கிரஹாம்தான் ‘கெய்கோ’ என்ற கார் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சேர்மன் என்று தெரிந்ததும், ஒரு சனிக்கிழமை வாஷிங்டனுக்கு ரயில் ஏறினார். அலுவலகம் பூட்டியிருந்தது. விடாமல் கதவைத் தட்ட, உள்ளே இருந்த ஊழியர் திறந்தார். அன்று அங்கிருந்த அதிகாரி லோரிமர் டேவிட்சன், முன்பின் தெரியாத அந்த மாணவரிடம் சுமார் 4 மணி நேரம் பேசினார்.

பேசியது, இன்சூரன்ஸ் தொழில் எப்படி ஓடுது, கெய்கோ மட்டும் எப்படி முந்துது என்பதை. ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக பாலிசி விற்றதால் அந்த நிறுவனத்துக்கு செலவு குறைவு. இது புரிந்த பிறகே பஃபெட் பணம் போட்டார். ஆனா 1952-லேயே 15,259 டாலருக்கு மொத்தத்தையும் விற்றுவிட்டார். அடுத்த 20 வருஷத்தில் அதே பங்குகளின் மதிப்பு சுமார் 13 லட்சம் டாலர்!

நீங்க கேட்க வேண்டியது

இந்த மாதிரி கதைகளைத்தான் கேட்டு வாங்கணும். “நீங்க அவசரப்பட்டு விற்றது எது? நஷ்டத்திலும் விற்காம வச்சிருந்தது எது, ஏன்?” லாபக் கதையை யாரும் கேட்காமலே சொல்வாங்க. போவதற்கு முன் ஒரே ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிச்சு, புரியாத இடங்களைக் குறிச்சுட்டுப் போங்க. பேச்சு தானாக நீளும்.

அவரோட நிலைமையையும் விசாரிங்க. சொந்த வீடு, பென்ஷன் உள்ளவர் தாங்கும் சரிவை, மாசம் இஎம்ஐ கட்டும் 25 வயசுக்காரர் தாங்க முடியாது.

உஷார்!

“உறுதியான லாபம்”, “என் கணக்குக்கு அனுப்புங்க, நான் பார்த்துக்கிறேன்” என்றால் கிளம்பிடுங்க. முதலீட்டு ஆலோசனைக்குக் கட்டணம் கேட்பவர் செபியில் பதிவு பெற்றிருக்கணும். அந்தப் பதிவு எண்ணை வாங்கி, செபி இணையதளத்தில் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்க.