சிறுவர் மூளைக் கட்டிகளும் புதிய மருந்துகளும்

காலையில் எழுந்தவுடன் தலையிடி, தொடர்ந்து வாந்தி. வாந்தி எடுத்ததும் தலையிடி சற்றுத் தணிகிறது. சில வாரங்களில் நடை தள்ளாடுகிறது. இத்தகைய பிள்ளைக்கு மலையகத் தோட்டங்களில் பூச்சி மருந்து கொடுக்கப்படுவதும், மந்திரித்து அல்லது ஓதிப் பார்க்கப்படுவதும் உண்டு. பெற்றோரைக் குறைகூற இடமில்லை. வாந்திக்குக் காரணம் வயிறு என எண்ணுவது இயல்பே.

சிறுவரைத் தாக்கும் கொடிய மூளைக் கட்டிகளுள் அதிகம் காணப்படுவது மெடுல்லோபிளாஸ்டோமா. மூளியில் தோன்றும் இது, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த பாய்பொருளின் வழியே பரவும். ஆதலால் சத்திரசிகிச்சையுடன் சிகிச்சை முடிவதில்லை. ஏறத்தாழ மூன்று வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு மூளையுடன் முதுகந்தண்டு முழுவதற்கும் கதிர்ச் சிகிச்சை வேண்டும். உயிரைக் காக்கும் அக்கதிரே வளர்ச்சியையும் கற்கும் திறனையும் குன்றச் செய்கிறது. மாற்று மருந்துகள் தேடப்படுவது இதனாலேயே.

அத்தேடலின் ஒரு கிளை மேல்மரபியல் மருந்துகள். டீ.என்.ஏ. இழை ஹிஸ்டோன் எனும் புரதங்களில் சுற்றப்பட்டிருக்கிறது. எந்தப் பரம்பரை அலகு விழித்திருக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதை அப்புரதங்களிலுள்ள இரசாயன அடையாளங்கள் தீர்மானிக்கின்றன. எழுத்து பிழையின்றி இருந்தாலும் அடையாளம் குழம்பினால் கட்டி உருவாகலாம். மூளைத்தண்டுக் கட்டிகள் பலவற்றில் ஹிஸ்டோனே மாறுதலுற்றிருப்பது 2012 இல் கண்டறியப்பட்டது.

அடையாளங்களைச் சீர்செய்யும் பனோபினோஸ்டாட் பிள்ளைகளிடம் பரிசோதிக்கப்பட்டது. ஆயினும் மருந்து மூளைக்குள் போதிய அளவு புகுவதே பெருந்தடையாயிற்று. வலிப்பு நோய்க்கு நெடுங்காலமாக வழங்கப்படும் வல்புரோயிக் அமிலமும் ஹிஸ்டோன் மீது செயற்படுவது 2001 இல் தெரியவந்தது. அதை வைத்துப் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். 2025 ஆகஸ்டில் டோர்டாவிப்ரோன் எனும் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. மேற்கூறிய ஹிஸ்டோன் மாறுதலுடைய, சிகிச்சைக்குப் பின்னரும் வளரும் கட்டிகளுக்கே அது உரியது. அனுமதிக்கு ஆதாரமான 50 நோயாளரில் 22 வீதத்தினரிடம் மட்டுமே கட்டி சுருங்கியது. இது முன்னேற்றமே, அற்புதமன்று.

இம்மருந்துகள் எதுவும் தாமதித்து வந்த பிள்ளைக்கு இழந்த மாதங்களை மீட்டுத் தரப்போவதில்லை. மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கான கதிர்ச் சிகிச்சை பொதுவாக முப்பது அமர்வுகள், ஆறு வாரங்கள். ஹற்றன், நுவரெலியாத் தோட்டமொன்றிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ கண்டிக்கோ சென்று தங்கும் தாய்க்கு அந்த ஆறு வாரமும் பெயர் விழாது. கொழுந்துக் கூலியை நம்பிய வீட்டில் இலவச வைத்தியமும் இப்படித்தான் விலைபெறுகிறது. தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுவார்த்தையில் இதற்கொரு விடுமுறை ஏற்பாட்டைச் சேர்ப்பது இயலாத காரியமல்ல.

காலைத் தலையிடியும் வாந்தியும் இரு வாரம் நீடித்தாலோ, மாறுகண்ணோ தள்ளாட்டமோ சேர்ந்தாலோ, தோட்ட வைத்திய உதவியாளர் காத்திராமல் பிள்ளையைச் சீ.ரி. ஸ்கேன் வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்க வேண்டும்.