பத்து சதவீதமும் ஏழரை சதவீதமும்

டெக்சாஸும் தமிழ்நாடும் ஒன்றைப் பார்த்து ஒன்று சட்டம் போட்டவை அல்ல. ஆனாலும் 23 ஆண்டு இடைவெளியில் இரண்டும் ஒரே வழிக்கு வந்தன: உயர்கல்வியில் விடுபட்டவர்களைச் சேர்க்க, அவர்கள் படித்த பள்ளியைப் பார்ப்பது.

டெக்சாஸைத் தள்ளியது நீதிமன்றம். பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 1996-இல் ஹாப்வுட் வழக்கில் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே சட்டமன்ற உறுப்பினர் இர்மா ரங்கேல் கொண்டுவந்த சட்டத்தில் ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். எந்த உயர்நிலைப் பள்ளியானாலும், அதில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. பின்னாளில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் வரம்பு இறுகி, 6 சதவீதமாகவும் 5 சதவீதமாகவும் சுருங்கியது.

தமிழ்நாட்டைத் தள்ளியது, மருத்துவச் சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான நீட். 69 சதவீத இட ஒதுக்கீடு நடப்பில் இருந்தும், 2017-க்குப் பின் முதல் சில ஆண்டுகளில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைக்க, அரசு 2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது.

முதல் வேறுபாடு, யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதில். டெக்சாஸில் எல்லைப்புறச் சிற்றூர் மாணவிக்குப் போட்டி, அவளோடு அதே ஆசிரியரிடம் படித்தவர்கள்தான். தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில் வரிசை தனி. அளவுகோல் அதே நீட். ஆகவே அரசுப் பள்ளி மாணவருக்குள்ளேயே, ஓராண்டு காத்திருந்து பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர் முந்துகிறார். ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம் சமூக இட ஒதுக்கீட்டை விலக்கிவிட்டு வரவில்லை; ஏழரைக்குள்ளும் அந்தப் பங்கீடு உண்டு. டெக்சாஸில் இனத்தின் இடத்தில் பள்ளி வந்தது. பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடந்த அளவுக்கே அது பலன் தந்தது.

இரண்டாவது, காசு. 2020 நவம்பர் கலந்தாய்வில் சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணத்துக்கு வழியில்லாமல் சில மாணவர்கள் வேண்டாம் என்று திரும்பினார்கள். அதன் பிறகே கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. டெக்சாஸ் சட்டம் சேர்க்கையோடு நின்றது. கட்டணச் சுமை சட்டத்துக்கு வெளியே, பல்கலைக்கழகங்கள் தாமாகத் தொடங்கிய உதவித்தொகைகளின் பொறுப்பில் விடப்பட்டது. விரும்பிய பாடப்பிரிவுக்கும் அங்கே உறுதி இல்லை. பொறியியல் கலந்தாய்வில் நம் மாணவர் கல்லூரியையும் பிரிவையும் தானே தேர்ந்தெடுக்கிறார்.

மூன்றாவது, சேர்ந்த பிறகு. இதில் ஆஸ்டினிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. 1999-இல் அங்கே வேதியியல் பேராசிரியர் ஒருவர், தேறுவது கடினம் என்று கணிக்கப்பட்ட 50 முதலாண்டு மாணவர்களைத் தனிச் சிறு வகுப்பாக அமர்த்தினார். பாடத்தைக் குறைக்கவில்லை, தேர்வை எளிதாக்கவில்லை. வழிகாட்டலையும் தனிக் கவனத்தையும் கூட்டினார். பருவ முடிவில் அவர்கள் பெரிய வகுப்புக்கு இணையான மதிப்பெண் பெற்றார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் உடற்கூறியல் வகுப்பில் உட்காரும் மாணவருக்குத் தேவை இத்தகைய ஏற்பாடுதான். கட்டண ரசீதால் அந்த இடைவெளி அடைபடாது.

எதிர்ப்பும் இரு பக்கமும் உண்டு. நல்ல பள்ளியில் 11-ஆவது சதவீதத்தில் நின்றவர் அங்கே குமுறுகிறார். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த ஏழை மாணவர் இங்கே குமுறுகிறார். இரண்டாவது குறையில் நியாயம் அதிகம்.

2024 ஜனவரி முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களுக்கே தடை போட்ட டெக்சாஸில், 10 சதவீதச் சட்டம் மட்டும் நிற்கிறது. அலுவலகத்தை ஓர் ஆட்சி மூடலாம். எல்லா ஊர்ப் பள்ளிக்கும் உரிமையாகிவிட்ட விதியை அடியோடு நீக்க எந்தக் கட்சியும் தயங்கும். நீட்டைத் தமிழ்நாடு தனியாக மாற்ற முடியாது. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடக்கும் சேர்க்கைகளில், பள்ளிவாரி முதலிடங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கிப் பார்க்கத் தடையில்லை.