மொய்யாக வந்த நூற்பட்டியல்

அமர்வுக்கு ‘நூலக வரலாறு’ என்று பெயர் போட்டிருக்கிறார்கள். அலெக்சாண்டிரியாவில் ஆரம்பித்தால் இன்று வீடு போய்ச் சேர முடியாது. நான் பேசப்போவது ஒரு சிற்றூரைப் பற்றி. நியூசிலாந்தின் வடக்குத் தீவில், வெலிங்டனிலிருந்து வடக்கே போனால் லெவின் என்ற ஊர் வரும். 1999இல் அங்கிருந்த பொது நூலகம் தன் நூற்பட்டியலைப் புதிய கணினி முறைக்கு மாற்றியாக வேண்டும் என்ற நிலையில் இருந்தது. கையில் பெரிய பணம் இல்லை. அவர்கள் எடுத்த ஒரு முடிவின் பலனை இன்று இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவும் அனுபவிக்கின்றன.

ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளைதான் லெவினிலும், அருகே ஃபாக்ஸ்டன், ஷானன் என்ற ஊர்களிலும் நூலகங்களை நடத்தியது. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கணினி முறை இருந்தது. ஆனால் அது பழைய காலத்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுகிற வகை. அந்த வருடக் கவலை உங்களுக்கு நினைவிருக்கும். 99க்குப் பிறகு 00 வந்தால் இயந்திரம் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். மருத்துவமனை, வங்கி எல்லாம் பயந்தன. நூலகத்தில் இது இன்னும் வேடிக்கை. டிசம்பர் கடைசியில் ஒருவர் எடுத்துப்போன புத்தகம் ஜனவரியில் திரும்ப வேண்டும். கணினியின் கணக்கில் அவர் எடுக்கும்போதே அது ஏறத்தாழ நூறு ஆண்டு தாமதம்.

புதிய மென்பொருளுக்கு விலை கேட்டார்கள். சந்தையில் இருந்தவை பெரிய நகர நூலகங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மென்பொருளின் விலை ஒரு பக்கம், ஆண்டுதோறும் கட்டவேண்டிய பராமரிப்புத் தொகை இன்னொரு பக்கம். இதைவிடக் கஷ்டம், கிளைகளை இணைக்கும் தொடர்பு வசதிக்கு ஆகும் செலவு. சில ஆயிரம் பேர் வாழ்கிற ஊரின் கிளைக்கு அது கட்டுப்படியாகாது.

இங்கே கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும். நூற்பட்டியல் என்றால் நம்மில் பலருக்கும் நினைவு வருவது மரப்பெட்டியில் இருக்கும் அட்டைகள். அந்த அட்டைகளை அச்சிட்டு மற்ற நூலகங்களுக்கு விற்கும் வேலையை அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1901இல் தொடங்கியது. ஒரு புத்தகத்துக்கு ஒருமுறை அட்டை எழுதினால் போதும், ஆயிரம் நூலகங்கள் ஆயிரம் முறை எழுத வேண்டாம் என்ற எளிய சிக்கனம். 1960களில் அதே நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் என்ற பெண்மணி அட்டையில் இருப்பதைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மார்க் என்று அதற்குப் பெயர். தலைப்புக்கு 245, ஆசிரியருக்கு 100 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அவர் நூலகம் படித்தவர் அல்லர், நிரல் எழுதியவர். 1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தில் ஏதன்ஸ் என்ற ஊரின் பல்கலைக்கழக நூலகத்தில், பல நூலகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கணினிப் பட்டியலில் முதல்முதலாக இணைப்பு வழியே பதிவு செய்தார்கள். அந்த ஏதன்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும். அந்தக் கூட்டமைப்பான ஓசிஎல்சி, நூலகங்களுக்கு அனுப்பும் கடைசி அட்டையை அச்சிட்டது 2015 அக்டோபர் 1 அன்றுதான். அட்டைக்கு அவ்வளவு நீண்ட ஆயுள்.

அட்டையிலிருந்து கணினிக்கு மாறும்போது உண்மையான செலவு இயந்திரத்தில் இல்லை. ஒவ்வொரு பதிவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அடித்தாக வேண்டும், பிறகு இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இதை நான் நூலகத்தில் கற்கவில்லை. நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில் நோயாளி விவரங்களை அட்டையிலிருந்து கணினிக்கு மாற்றினார்கள். கணினி வாங்கப் பணம் வந்தது, திறப்பு விழாவுக்கும் வந்தது. அடிப்பதற்கு ஆள் கேட்டபோதுதான் பணம் இல்லை. இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள் நாங்கள்தான் ஒரு விரலால் அடித்தோம். ஒரே பெயரில் மூன்று மரியாள்கள் ஒரே மரியாளாகிப் போனதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆனது தெரியுமா? அதனால் யாராவது ‘கணினிமயமாக்க நிதி’ என்றால், அதில் ஆட்களுக்கு எவ்வளவு என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

பொது நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஆண்ட்ரூ கார்னெகி நியூசிலாந்தில் 18 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆனால் நடத்தும் செலவை ஊரே ஏற்கவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நம் பக்கம் 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம். வீட்டு வரியோடு நூலக வரி என்று சிறு தொகை. இந்தியாவில் அப்படி வந்த முதல் மாநிலச் சட்டம் அது. ஊரில் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அந்த வரி இருக்கும். லெவினிலும் பணத்தின் ஊற்று ஏறக்குறைய அதுதான், ஊர்க்காரர் கட்டும் சொத்து வரி. மக்கள் பணம் என்பதால்தான் அடுத்து அவர்கள் எடுத்த முடிவு முக்கியமாகிறது.

வெலிங்டனில் கடிபோ என்றொரு சிறு நிறுவனம் இருந்தது. கடிபோ அந்த நாட்டின் விஷச் சிலந்தி. வலைத்தளம் செய்கிறவர்கள் வைத்துக்கொண்ட பெயர். நூலகம் அவர்களிடம் ஆலோசனை கேட்டது. அவர்கள் சொன்னது: விலை கொடுத்து வாங்காதீர்கள், நாங்கள் புதிதாக எழுதித் தருகிறோம், சாதாரண இணைய உலாவியில், தொலைபேசிக் கம்பி வழியாகவே ஓடும். சில மாதங்களில் எழுதினார்கள். 2000 ஜனவரியில் லெவின் நூலகம் அதில் இயங்கத் தொடங்கியது.

இதுவரை இது ஒரு சிறு ஊரின் சமாளிப்பு, அவ்வளவுதான். ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. எழுதிய சிறு நிறுவனம் நாளைக்கு மூடிப்போனால் நூலகத்தை யார் காப்பாற்றுவது? கடிபோவுக்கும் காலமெல்லாம் நூலக மென்பொருள் விற்றுக்கொண்டிருக்க ஆசை இல்லை. இரு தரப்பும் சேர்ந்து அதைப் பொதுவில் விட்டுவிட்டார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் சேர்த்துத் தர வேண்டும். ஜிபிஎல் உரிமம் என்பது அது. பெயர் கோஹா என்று வைத்தார்கள்.

கோஹா என்பது மாவோரிச் சொல். அன்பளிப்பு என்று அகராதி சொல்லும். மாவோரி மக்களின் மராய் என்ற பொது இடத்துக்கு விருந்தினராகப் போகிறவர்கள் வைக்கிற கொடை அது. அவர்கள் நம் இடத்துக்கு வரும்போது நமக்கும் வைப்பார்கள். எங்கள் ஆலயத்தில் காணிக்கைப் பை வரும். அதில் போட்டதை யாரும் திரும்ப எதிர்பார்ப்பதில்லை. எனவே காணிக்கை என்று மொழிபெயர்க்க மாட்டேன். நம் ஊர்க் கல்யாணத்தில் மேசை போட்டு நோட்டில் எழுதுவார்களே, அந்த மொய்தான் இதற்கு நெருக்கம்.

மொய் திரும்பி வந்தது, மேலே சொன்ன ஏதன்ஸ் பக்கத்திலிருந்தே. லெவினுக்காக எழுதிய கோஹாவுக்கு மார்க் வடிவம் தெரியாது. அந்த ஊருக்கு அது தேவைப்படவில்லை. ஒஹாயோவின் ஏதன்ஸ் மாவட்டத்தில் நெல்சன்வில் பொது நூலகத்துக்கு அது இல்லாமல் முடியாது. அவர்கள் தங்கள் பட்ஜெட்டிலிருந்து பணம் ஒதுக்கி, கோஹாவுக்குள் மார்க்கைச் சேர்க்க வைத்தார்கள். நிரலில் பெரும் பங்கு பிரான்சில் இருந்த போல் புலேன் என்பவருடையது. 2003இல் நெல்சன்வில் கோஹாவுக்கு மாறியது. அந்தப் பகுதி எல்லாருக்கும் கிடைத்தது. பெரிய தொகுப்புகளில் தேடல் திணறியபோது பென்சில்வேனியாவின் கிராஃபோர்ட் மாவட்ட நூலகங்கள் அதற்கான வேலைக்குப் பணம் கொடுத்தன. ஒரு நூலகம் தனக்குத் தேவையானதற்குக் கொடுக்கும் பணம் எல்லா நூலகங்களுக்கும் உதவும்.

கல்யாண வீட்டில் மொய் நோட்டையே தூக்கிக்கொண்டு போக ஒருவர் வந்தால்? அதுவும் நடந்தது. நெல்சன்வில் அனுபவத்திலிருந்து 2005இல் லிப்லைம் என்ற நிறுவனம் பிறந்தது. முதலில் நன்றாகவே உழைத்தது, அதை மறுப்பது நியாயம் இல்லை. 2007இல் கடிபோவின் கோஹா பிரிவை வாங்கியது. 2009இல் தன் வாடிக்கையாளர்களுக்கென்று தனிப் பதிப்பு அறிவித்தது. மென்பொருளைத் தன் கணினியிலேயே ஓடவிட்டுச் சேவையாக மட்டும் கொடுத்தால் மூல நிரலைத் தர அந்த உரிமம் கட்டாயப்படுத்தாது. சட்டப்படி குற்றம் இல்லை, மொய் வைத்தவர்களுக்கு மனம் கசந்தது. சமூகம் தனக்கென்று வேறு வலைத்தளம் அமைத்துப் பிரிந்து போனது. 2010இல் பிடிஎஃப்எஸ் என்ற அமெரிக்க நிறுவனம் லிப்லைமை வாங்கியது. 2011 நவம்பரில் லெவின் அறக்கட்டளை உலகத்துக்கு ஒரு செய்தி சொன்னது: கோஹா என்ற பெயரை நியூசிலாந்திலேயே அந்த நிறுவனம் வணிகக்குறியாகப் பதியப் போகிறது, எதிர்க்க எங்களிடம் பணம் இல்லை, உதவுங்கள்.

ஒரு மாவோரிச் சொல், மாவோரி மண்ணில், வேறு நாட்டு நிறுவனத்தின் உடைமையாவது! பல நாடுகளிலிருந்து சிறு சிறு தொகைகள் வந்தன. எதிர்ப்பைக் கண்ட நிறுவனம் குறியை ஒரு லாப நோக்கற்ற அமைப்புக்கு மாற்றத் தயார் என்று அறிக்கை விட்டது. ஆனாலும் வழக்கு நீண்டது. கேட்டலிஸ்ட் என்ற வெலிங்டன் நிறுவனம் அறக்கட்டளையோடு சேர்ந்து எதிர்த்தது. 2013 டிசம்பரில் விண்ணப்பம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

இதில் நமக்கென்று ஒரு துண்டு இருக்கிறது. 1962 முதல் இந்தியாவின் தமிழ்ப் புத்தகங்கள் அமெரிக்க நூலகங்களுக்குக் குவிந்தன, கோதுமைக் கடனை ரூபாயில் அடைத்த பிஎல் 480 திட்டத்தின் கீழ். ஆனால் மார்க்கின் பழைய எழுத்துத் தொகுதியில் அரபு உண்டு, ஹீப்ரு உண்டு, சீனம் உண்டு, தமிழ் இல்லை. எனவே புத்தகங்கள் ரோமன் எழுத்தில் பதிவாயின. ழகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் ஒரு கோடு, ளகரத்துக்கு ஒரு புள்ளி. உள்ளே அலமாரி நிறையத் தமிழ் இருக்க, தமிழில் தேடினால் ஒன்றும் இல்லை என்று திரை சொல்லும். யூனிகோடு வந்தபின்தான் கதவு திறந்தது. கோஹாவில் இப்போது தமிழ் எழுத்திலேயே தலைப்பை ஏற்றலாம், தேடலாம். ஆனால் ரோமனில் ஏறிப்போன பழைய பதிவுகளை யாராவது ஒவ்வொன்றாகத் திறந்து, புத்தகத்தைக் கையில் எடுத்து, தமிழில் அடிக்க வேண்டும். உங்கள் ஊர் நூலகத்தில் அடுத்தமுறை தமிழ் அலமாரிக்குப் போகும்போது, அந்தப் புத்தகங்களில் எத்தனை தமிழில் தேடினால் அகப்படுகின்றன என்று ஒரு பத்தை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். பிறகு வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் போய், அடிக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.