சாம்பலும் சுண்ணாம்பும்



சிலிம் ரிவர் வட்டாரத்துத் தோட்ட மக்களாகிய நமக்குச் செம்பனை ஆலைச் சாம்பல் புதிதன்று. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும் கொதிகலனில் எரிகின்றன. சாம்பல் மலைபோல் குவிகிறது. கொட்ட இடம் தேடும் இப்பொருள் வீடு கட்ட உதவுமா? விடை காண, வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

வெறும் சுண்ணாம்புக் காரை தண்ணீருக்குள் இறுகாது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் உரோமானியர்கள் இதற்கு வழி கண்டனர். பொசுவோலி என்னும் ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து, கடலுக்குள்ளும் துறைமுகச் சுவர் எழுப்பினர்.

தமிழ்நாட்டில் எரிமலை ஏது? அங்கே சுட்ட செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சேர்த்தனர். அத்தூளுக்குச் சுர்க்கி என்று பெயர். 1887 முதல் 1895 வரை, பென்னிகுயிக் என்னும் பொறியாளர் தலைமையில் எழுந்த முல்லைப் பெரியாறு அணை, கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்ததே. வெள்ளத்தையும் காட்டுக் காய்ச்சலையும் தாங்கி அதைக் கட்டியவர்கள், நம் பாட்டன்மாரைப் போன்ற கூலித் தொழிலாளர்கள். 1979-க்குப் பின் அவ்வணை கான்கிரீட்டாலும் வலுப்படுத்தப்பட்டது. இன்றும் அதன் நீர் வைகைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது.

இவற்றின் இரகசியம் என்ன? எரிமலைச் சாம்பலிலும் சுட்ட களிமண்ணிலும் சிலிக்கா என்னும் பொருள் உண்டு. அது ஈரத்தில் சுண்ணாம்புடன் கூடிக் கல்லாக இறுகுகிறது. சிமெண்டு இறுகும்போதும் சிறிது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. அதைப் பற்றிக்கொள்ளும் சிலிக்கா நம் செம்பனைச் சாம்பலிலும் இருக்கிறது!

ஆயினும், இருக்கிறது என்பதால் அப்படியே கலந்துவிடலாமா? 1990-இல் சிங்கப்பூரில் நடந்த ஆய்வு, அச்சாம்பலை 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்ப்பது நன்றன்று என்றது. பின்னர் ஜொகூரிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் சாம்பலைச் சலித்து, மாவுபோல் அரைத்துச் சோதித்தனர். அப்போது சிமெண்டில் 30 விழுக்காடு வரை அதைச் சேர்க்க முடிந்தது. சாம்பல் ஒன்றே, பக்குவம் வேறு.

சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுட வேண்டும். அதனால் கரிவாயு பெருமளவில் வெளியேறுகிறது. ஆகவே சாம்பல் சேருமளவுக்குப் புகையும் குறையும்.

தோட்டத்தை விட்டு வெளியேறிச் சொந்த வீடு கட்டும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வோம். செலவைக் குறைக்க எண்ணி, ஆலைச் சாம்பலை அள்ளிவந்து காரையில் கொட்டாதீர்கள். அதில் எரியாத கரி இருக்கும்; பருமனும் ஒன்றாய் இராது. சாம்பல் சேர்ந்த காரை முதல் நாட்களில் மெதுவாகவே வலுப்பெறும். ஆய்வுக்கூடத்தில் கட்டி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28 நாள், 90 நாள் கழித்து அழுத்திப் பார்த்தபின்பே அதை நம்பலாம்.

குப்பை என்று ஒதுக்கியதிலும் பயன் உண்டு. அதைச் சோதித்தறியும் கல்வியை நம் பிள்ளைகள் பெறட்டும்.