கடாரத்தைத் தேடும் வாய்பாடு

கெடாவின் பழம்பெயரைத் தமிழ்ச் சான்றுகளில் தேடுவார்க்கு முதல் இடர்ப்பாடு அப்பெயரின் வடிவமேயாம். முதலாம் இராசேந்திரன் 1025 இல் நிகழ்த்திய படையெடுப்பைப் புகழும் மெய்க்கீர்த்தி கடாரம் என்னும். லெய்டன் செப்பேடுகள் கிடாரம் என்னும். பட்டினப்பாலையின் காழகத்தையும் நச்சினார்க்கினியர் கடாரமென்றே உரைத்தார். அதனை ஈண்டு விடுப்போம்.

இரு வடிவையும் ஒருங்கே தேடக் கணிப்பொறியில் வழியுண்டு. செய்யுட்குத் தேமா, புளிமா போலச் சொல்லுக்கும் வாய்பாடு அமைப்பதே அது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பர். ஸ்டீபன் கிளீனி 1951 இல் நரம்பு வலைகளை ஆராய்ந்தபோது இதன் கணிதத்தை வகுத்தார். கென் தாம்சன் 1968 இல் அதனைத் தேடுகருவியாக்கினார். பின்னர் யூனிக்ஸ் வழிவந்த பொறிகளில் இதற்கெனப் பொது நிரலகம் இடம்பெற்றது. 1992 இல் போசிக்ஸ் பொதுவிதி வகுத்தும் எல்லாம் ஒருபடியாக இயங்கவில்லை.

ஆதலின் மென்பொருளைக் கட்டுவோர், பொறியிலுள்ள நிரலகத்தைச் சோதித்த பின்னரே ஏற்கலாயினர். டேவிட் மக்கென்சி 1991 இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப் இதற்குக் கருவியாயிற்று. அது பதிப்பெண்ணை நம்பாது. சிறு நிரலொன்றை எழுதி ஓட்டிப் பார்க்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, பாடம் ஒப்பிப்பது வேறு அன்றோ! க்னூ திட்டத்தின் சோதனை, 'பி முதல் ஏ வரை' என்னும் தலைகீழ் வரம்பைக் கொடுத்து நிரலகம் மறுக்கிறதா என்று நோக்கும். முடிவின்றிச் சுழன்றால் இரண்டு வினாடியில் நிறுத்திவிடும். தோற்றால் உடன் கொணர்ந்த நிரலகத்தையே இணைத்துக்கொள்ளும். கட்டும் பொறியும் ஓடும் பொறியும் வேறாயின் ஊகமே துணை.

இனித் தமிழுக்கு வருவோம். 'கி?டார' என்பது நம் வாய்பாடு. வினாக்குறி தனக்கு முன்னுள்ளது வரினும் வராவிடினும் ஒக்கும் எனக் குறிக்கும். கடாரத்து, கிடாரத்து எனச் சாரியை பெறுமாதலால் ஈற்று மகரத்தை விட்டோம். யூனிகோடில் 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் ஆகிய இரு குறியீடு, யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். குறியீட்டை அலகாகக் கொள்ளும் நிரலகம் இரு வடிவையும் காட்டும். பைட்டை அலகாகக் கொண்டால் வினாக்குறி இகரக் குறியின் கடைசிப் பைட்டையே சாரும். கிடாரம் அகப்படும், கடாரம் அகப்படாது. சுங்கைப் பட்டாணியில் அமர்ந்து தேடும் ஆசிரியர், மெய்க்கீர்த்தித் தொகுப்பில் அப்பெயரே இல்லையென்று எழுதிவிடக்கூடும். பொறியோ பிழையென ஒரு சொல்லும் உரைக்காது. நம் இலக்கணப்படி 'கி'யை ஓரெழுத்தாகக் கொண்டாலும் தொல்லையே: பண்டாரமும் கூடவே வந்து நிற்பார்!

ஒரே நிரலகமும் மொழிச்சூழலை மாற்றினால் விடை மாறும். எனவே தேடலைத் தொடங்குமுன் கடாரம், கிடாரம், பண்டாரம் என மூன்று வரிகளை ஒரு கோப்பில் இட்டு இவ்வாய்பாட்டை ஓட்டுக. முதலிரண்டு மட்டும் வருதல் வேண்டும்.